வெட்டி எடுத்த மூச்சு

"இன்னொரு தடவை இருமு."

"எதுக்கு? இப்பத்தானே மூணு தடவை இருமினேன்."

"இருமினே. ஆனா ரெண்டாவது இருமலுக்குப் பின்னாடி நாற்காலி முனகிடுச்சு."

"முனகினா முனகிட்டுப் போகட்டும். அவங்க பார்க்கப்போறது என் நெஞ்சை. நாற்காலிக்கு என்ன நோய்னு யாரும் கேட்கலை."

"வேலைன்னு வந்தா சுத்தமா இருக்கணும். எங்கே, இருமு."

கதையம்மா பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கணவரை ஒரு முறை முறைத்தாள். அந்த முறைப்பு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவர் இரண்டு காதுகளையும் ஹெட்போனிடம் ஒப்படைத்துவிட்டு, கணினித் திரையில் ஏறி இறங்கும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்த்ததைவிட அவள் குரலின் கோட்டைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். கேட்டால், "அதுவும் நீதானே" என்பார்.

குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கதையம்மாதான். புத்தகங்களை வாய்விட்டு வாசித்துக் கொடுப்பது அவள் தொழில். ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் துணி மடித்தார்கள், வண்டி ஓட்டினார்கள், தூங்கிப் போனார்கள். அவருக்கு வாய்த்த பெயர் உஷ் சார். முப்பது வருஷம் ஒலிப்பதிவு நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடிப்படியில் யாராவது செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தால் போதும், கதவைத் திறந்து உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். தபால்காரர்கூட மூன்றாவது மாடிக்கு நுனிக்காலில்தான் ஏறி வருவார்.

வீட்டுக்குள் பாதிப் படுக்கையறையை அடைத்து அவர் கட்டிய பதிவறை அது. தானே அளந்து, தானே அறுத்து, தானே ஆணியடித்தது. சுவரெல்லாம் தடித்த பஞ்சு, பஞ்சுக்கு மேல் பழைய கம்பளம், கதவின் நான்கு ஓரத்திலும் ரப்பர். ஜன்னலைப் பலகை வைத்து மூடியாயிற்று. "ஒரு எறும்பு உள்ளே தும்மினாலும் வெளியே கேட்காது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். எறும்பு உள்ளே போய் எப்படி மூச்சு விடும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இருமல் கூத்து தொடங்கியது அன்று காலையில், ஒரு தொலைபேசி அழைப்பில்.

அவருடைய தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுநோய்ப் பிரிவில் நர்ஸ். சின்ன வயதில் வீட்டில் வைத்த பெயர் வாலு. ஐம்பது வயதாகியும் அந்தப் பெயரை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவளும் திருப்பிக் கொடுக்கிற மாதிரி நடந்துகொள்ளவில்லை.

"அண்ணி, படியேறிட்டு வந்தீங்களா?" என்று கேட்டாள் வாலு, பேச்சின் நடுவில்.

"இல்லையே. உட்கார்ந்துதான் பேசிட்டிருக்கேன்."

வாலு விளையாட்டில்லாமல் ஒன்றைக் கேட்டால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"சரி, ஒண்ணு பண்ணுங்க. எங்க ஆஸ்பத்திரியில புதுசா ஒரு ஆப் வந்திருக்கு. ஃபோன் முன்னாடி மூணு தடவை இருமணும், அஞ்சு தடவை ஆழமா மூச்சு விடணும். ஏஐ அதைக் கேட்டுட்டு, நுரையீரல்ல ஏதாவது சந்தேகம் இருந்தாச் சொல்லும். இந்த மாசம் இருநூறு பேரோட இருமலைச் சேர்க்கணும்னு என் தலையில கட்டியிருக்காங்க."

"இருமலை வசூல் பண்ற வேலையா உனக்கு? நல்லா இருக்கு."

"சிரிங்க, சிரிங்க. சிரிச்சு முடிச்சிட்டு இருமி அனுப்புங்க."

கதையம்மா சிரித்துத்தான் வைத்தாள். ஆனால் மூச்சு போதவில்லை என்று நாலைந்து மாதமாகவே அவளுக்குத் தெரியும். பக்கம் முழுக்க நீளும் வாக்கியத்தையும் ஒரே மூச்சில் வாசித்து முடிப்பாள் என்பதுதான் அவள் பேர். அந்த வாக்கியத்தை இப்போது எங்கே கால்புள்ளி வருகிறது என்று தேடித் தேடி, திருட்டுத்தனமாக மூச்சு வாங்கி வாங்கிக் கடந்துகொண்டிருந்தாள். தொள்ளாயிரம் பக்க நாவல் ஒன்று கையில் இருந்தது. எழுநூறு பக்கம் முடிந்துவிட்டது. நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்துவிட்டால்? படுப்பதுகூடப் பரவாயில்லை. எழுநூற்றோராம் பக்கத்திலிருந்து வேறொருத்தி வாசிப்பாளே, அதை எப்படிப் பொறுப்பது?

அவரிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் பதிவை நிறுத்திவிடுவார்.

இருமும் வேலையை அவள் சமையலறையில் நின்றே முடித்திருப்பாள். அவர் விட்டால்தானே.

"இந்த ஃபோனோட ஓட்டைக்குள்ளயா இருமப்போறே?" என்று ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குண்டூசி நுழையாது இதுல. இதுல பதிவு பண்ணி அனுப்பினா, நாளைக்கு ஆஸ்பத்திரியில என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"உங்களைப் பத்தி எதுக்கு நினைக்கிறாங்க? இருமறது நான்."

"பதிவு பண்றது நான்."

அப்படித்தான் அவள் பதிவறைக்குள் உட்கார்ந்து, ஐந்தாவது முறையாக இருமிக்கொண்டிருந்தாள். ஒரு வழியாக அவருக்குத் திருப்தி வந்தது. ஐந்து ஆழமூச்சும் ஆயிற்று. அதன்பின் அரைமணி நேரம் கணினியோடு குசுகுசுவென்று ஏதோ பண்ணினார். முடித்ததும் பெரிய ஒலிபெருக்கியின் முன்னால் ஃபோனை ஒரு தலையணைமேல் உட்கார வைத்து, ஆப்பைத் திறந்து, பதிவை ஓட விட்டார். கதையம்மாவின் இருமல் மூன்று முத்தாக விழுந்தது. அவளுக்கே ஆச்சரியம்.

"இது நானா?"

"நீதான். கொஞ்சம் துடைச்சு வச்சிருக்கேன்."

ஒரு நிமிஷத்தில் ஃபோனில் பச்சை வட்டம் வந்தது. 'சந்தேகப்படும்படி எதுவும் கேட்கவில்லை' என்று கீழே ஒரு வரி.

"பார்த்தியா?" என்றார், ஏதோ நுரையீரலை அவரே செய்து கொடுத்த மாதிரி.

கதையம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியென்றால் வயசுதான் காரணம். அல்லது எடை. அன்று, பழைய பக்கங்களில் பிசிறடித்த பதினாலை மறுபடி வாசித்துக் கொடுத்தாள். கால்புள்ளிகளில் மூச்சு வாங்குவது மட்டும் நின்றபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாலு நேரிலேயே வந்துவிட்டாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கடைக்குப் போய்விட்டு வந்த கதையம்மாவும் அவளும் சேர்ந்தே படியேறினார்கள். முதல் மாடியில் கதையம்மா பக்கத்து வீட்டுக் கொடியைப் பார்க்க நின்றாள். இரண்டாவது மாடியில் யார் வீட்டு மிதியடியோ அழகாக இருக்கிறதென்று நின்றாள். மூன்றாவது மாடிக்குப் பாதிப் படியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை, சும்மாதான் நின்றாள்.

வாலு பையை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் குடித்த பிறகுதான் ஆரம்பித்தாள்.

"அண்ணா, இந்த வீட்டுல மனுஷங்க யாராவது குடியிருக்காங்களா?"

"ஏன், என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"அதை அப்புறம் சொல்றேன். நூத்தம்பது பேரோட பதிவு வந்திருக்கு. ஒருத்தர் வீட்டுல குழாய் ஒழுகுது, ஒருத்தர் வீட்டுல குழந்தை கத்துது, ஒரு வீட்டுல கிளி வேற சேர்ந்து இருமியிருக்கு. உங்க வீட்டுல மட்டும் பின்னணிச் சத்தம் பூஜ்யம். பூஜ்யம்னா பூஜ்யம்."

உஷ் சார் முகத்தில் வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. "நல்ல பதிவறைன்னா அப்படித்தான் இருக்கும்."

"இருங்க, பாராட்டிட்டேன்னு நினைச்சுக்காதீங்க. மூணு இருமலுக்கு நடுவுல மூச்சுச் சத்தமே இல்லை. எங்க டாக்டர் கேட்டுட்டு, 'இந்த அம்மா இருமறாங்க சரி, உயிரோட இருக்காங்களா?'ன்னு கேட்டார். எல்லார் முன்னாடியும். 'எங்க அண்ணிதான் சார்'னு சொல்ல எனக்கு வாய் வரலை."

"மூச்சை நான்தான் எடுத்தேன்" என்றார் உஷ் சார்.

"எடுத்தீங்களா?"

"இருமல்தானே கேட்டீங்க? நடுவுல இருந்த இடத்தைச் சுத்தம் பண்ணினேன். முப்பது வருஷமா அதுதானே வேலை. வாசிக்கிறவங்க மூச்சு கேட்கிறவங்க காதுல விழக்கூடாது."

"சரி, அஞ்சு ஆழமூச்சு கேட்டிருந்தோமே, அதையுமா வெட்டிட்டீங்க?"

"அதை வச்சிருக்கேனே. ஓரத்துல இருந்த சத்தத்தை மட்டும்தான் துடைச்சேன்."

"என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்லை. மூச்சு விட்டு முடிக்கிற இடத்துல ஒரு சின்ன விசில். ஜன்னல் இடுக்குல காத்து நுழைஞ்சா வருமே, அந்த மாதிரி."

வாலு அவரையே பார்த்தாள். "அந்த ரூம்ல திறக்கிற ஜன்னலே இல்லையே அண்ணா."

உஷ் சார் பதிவறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். கதையம்மா கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். வைத்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

"வாங்க அண்ணி, சமையலறைக்கு" என்றாள் வாலு.

"அங்கே குழாய் சொட்டுது. மாடி வீட்டுப் பையன் பந்து உருட்டறான்" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

"சொட்டட்டும். உருட்டட்டும். நீங்க உருட்டினது போதும்."

குழாய் சொட்ட, மேலே பந்து உருள, தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருக்க, கதையம்மா மூன்று தடவை இருமினாள். ஐந்து தடவை ஆழமாக மூச்சு இழுத்து விட்டாள். நாலாவது மூச்சின் முடிவில் அவளுக்கே கேட்டது, உள்ளே யாரோ தூரத்தில் சீட்டியடிப்பதுபோல.

இந்த முறை வட்டம் சிவப்பு.

"பயப்படாதீங்க" என்றாள் வாலு உடனே. குரலில் வாலுத்தனம் இல்லை, நர்ஸ்தான் பேசினாள். "இது டாக்டர் இல்லை அண்ணி. ஆயிரக்கணக்கான பேரோட இருமலையும் மூச்சையும் கேட்டுப் பழகின ஒரு சல்லடை. இவங்களைக் கொஞ்சம் கவனிங்கன்னு தனியா எடுத்து வைக்கும், அவ்வளவுதான். என்ன நோய்னு ஊத வச்சு, படம் எடுத்துப் பார்த்து, டாக்டர்தான் சொல்லணும். இது எப்பலேர்ந்து இருக்கு?"

"ஒரு... ரெண்டு மாசமா" என்றாள் கதையம்மா.

"அஞ்சு மாசம்" என்றார் உஷ் சார்.

இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மனைவி.

அவர் கணினியைப் போய்த் திறந்தார். 'குப்பை' என்று ஒரு பெட்டி இருந்தது. திறந்தால் உள்ளே நூற்றுக்கணக்கான பதிவுகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், பக்க எண்.

"என்ன இது?"

"உன் மூச்சு. வெட்டினதையெல்லாம் தூக்கிப் போட்டதில்லை. எப்பவாவது வேணும்னா..."

"வெட்டின மூச்சு யாருக்கு எப்போ வேணும்?"

"தெரியலை. போட மனசு வரலை."

கதையம்மா சண்டைக்குப் போனாள். "அஞ்சு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"மைக்குலதான் கோளாறுன்னு நினைச்சேன். கேபிளை மாத்தினேன். கதவு ரப்பரை மாத்தினேன். உன் கைக்கடிகாரத்தைக் கழட்டச் சொன்னேன்."

"ஆமா. தோட்டையும் கழட்டச் சொன்னீங்க. மூக்குக்கண்ணாடிகூட விசிலடிக்குதுன்னு சொன்னீங்க."

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் சந்தேகப்படலை."

"நல்ல நேரம் பார்த்தீங்க, பெண்டாட்டியை நம்ப" என்றாள் வாலு. "சரி, 'நீ மட்டும் ஏன் சொல்லலை'ன்னு அவர் கேட்க மாட்டார், நான் கேட்கறேன். அண்ணி, நீங்க ஏன் சொல்லலை?"

கதையம்மா நகத்தைப் பார்த்தாள். "இன்னும் இருநூறு பக்கம் இருக்கு."

"கேட்டீங்களா? நல்ல ஜோடி. ஒருத்தர் மறைக்கிறாங்க, ஒருத்தர் துடைக்கிறார். நடுவுல அந்த ஏஐ பாவம், என்ன பண்ணும்?"

குப்பையைக் கிளற உட்கார்ந்தார்கள். உஷ் சார் ஒவ்வொரு மூச்சாக ஓடவிட்டார்; இந்த முறை தலையில் ஹெட்போன் இல்லை, எல்லோருக்கும் கேட்கும்படி. வாலு ஒரு தாளில் தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் பேனா நின்றது.

"அண்ணா, காலையில முதல் பதிவுல விசில் இல்லை. மூணு மணி நேரம் கழிச்சு வருது. பார்த்தீங்களா?"

"மைக் சூடாகுதுன்னு நினைச்சேன்."

"நடுவுல ரெண்டு வாரம் ஒண்ணுமே இல்லையே?"

"மகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தோம்" என்றாள் கதையம்மா. "திரும்பி வந்த முதல் நாள் நல்லா வாசிச்சேன். நல்ல காத்து வாங்கிட்டு வந்ததாலன்னு நினைச்சேன்."

வாலு எழுந்து நேராகப் பதிவறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. மூக்கை உறிஞ்சினாள். கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"ஏய், ஏய்! அதை ஒட்ட எனக்கு ஒரு வாரம் ஆச்சு" என்று அண்ணன் பின்னாலேயே ஓடினார்.

கம்பளம் கையோடு வந்தது. பின்னாலிருந்த பஞ்சும் வந்தது. அதற்குப் பின்னால் சுவர், மேலிருந்து கீழ்வரை கறுகறுவென்று பூஞ்சை பிடித்து, மசியைக் கொட்டி மெழுகின மாதிரி இருந்தது. தொட்டால் ஈரம்.

"மாடி வீட்டுல குளியலறை ஒழுகுச்சே, எப்போ?" என்று கேட்டாள் வாலு.

"ஆறு மாசம் இருக்கும். சரி பண்ணிட்டாங்களே" என்றார் அவர், ஈனசுரத்தில்.

"அவங்க சரி பண்ணிட்டாங்க. தண்ணி இங்கே வந்து தங்கிடுச்சு. ஜன்னலை மூடி, கதவுக்கு ரப்பர் போட்டு, அந்தப் பூஞ்சைத் தூசு ஒண்ணும் வெளியே போயிடாம பத்திரமா உள்ளே வச்சு, அண்ணியை நாள் முழுக்க வாயைத் திறந்து உட்கார வச்சிருக்கீங்க."

உஷ் சார் முகத்தில் ஈயாடவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கதையம்மாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்த வசவுகள் நாலைந்து. ஆனால் அவர் நின்ற நிற்பு, முப்பது வருஷ வேலையை யாரோ முதல்முறையாகத் தப்பு என்று சொல்லிவிட்ட நிற்பு.

"விடுங்க" என்றாள். "எறும்பு செத்திருக்கும். நான் தப்பிச்சேன்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். கதையம்மா ஊதினாள். "இன்னும், இன்னும், இன்னும்" என்று நர்ஸ்கள் விளையாட்டுப் பந்தயத்தில் உற்சாகப்படுத்துவதுபோலக் கத்தினார்கள். உஷ் சார் பழக்கத்தில் விரலை உதட்டுக்குக் கொண்டு போனார். வாலு அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

டாக்டர் படத்தைப் பார்த்தார், ஊதின கணக்கைப் பார்த்தார், வாலு எழுதிக் கொடுத்த தேதித் தாளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பூஞ்சை ஒத்துக்காம மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்கியிருக்கு. நுரையீரல்ல நிரந்தரச் சேதம் எதுவும் தெரியலை. இழுக்கிற மருந்து தர்றேன், தினமும் ரெண்டு வேளை. அந்த ரூமுக்குள்ள இனிமே கால் வைக்கக் கூடாது. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தா நான் இவ்வளவு லேசாப் பேசியிருக்க மாட்டேன்."

"வாசிக்கலாமா டாக்டர்?" அவள் கேட்க வந்ததே அது ஒன்றுதான்.

"வாசிங்க. ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து வாசிங்க." டாக்டர் உஷ் சாரைப் பார்த்தார். "மூச்சை வெட்டினது நீங்கதானே? அந்தக் குப்பையைப் பத்திரமா வச்சிருங்க. இவ்வளவு தெளிவா எந்த நோயாளியும் இதுவரைக்கும் கணக்கு வச்சிக் கொடுத்ததில்லை."

இது பாராட்டா திட்டா என்று வீடு வரும்வரை அவர் யோசித்துக்கொண்டே வந்தார்.

பதிவறையை அவரே இடித்தார். தானே அடித்த ஆணியைத் தானே பிடுங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு உறுதியாக அடித்திருந்தார். சுவரைச் சுரண்டி, காயவைத்து, வெள்ளையடித்து, ஜன்னலை மூடின பலகையைக் கழற்றினார். ஐந்து வருஷம் கழித்து அந்த அறைக்குள் வெயில் வந்தது. வெயிலோடு தெருவும் வந்தது.

ஒன்றரை மாதம் கழித்து, கூடத்து ஜன்னலோரம் மைக்கை வைத்து, எழுநூற்றோராம் பக்கத்தைத் திறந்தாள் கதையம்மா. முதல் வாக்கியமே அரைப்பக்கம். பாதியில், கால்புள்ளி இல்லாத இடத்தில், ஒளிக்காமல் மூச்சு வாங்கினாள். வாங்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, சத்தம் வந்துதா? திரும்ப வாசிக்கட்டுமா?"

"வேண்டாம். மேலே போ."

"நடுவுல மூச்சு வாங்கினேனே."

"கேட்டேன். விசில் இல்லை."

மேலே பந்து உருண்டது. அவர் எழுந்து கதவுவரைக்கும் போனார். கதையம்மா புத்தகத்துக்கு மேலாகப் பார்த்தாள். அவர் கதவைத் தொட்டுவிட்டு, ஏதோ தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தவர் போலத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

புத்தகத்தை முடித்து அனுப்பிய வாரத்தில் ஒலிப்புத்தக நிறுவனத்திலிருந்து ஃபோன் வந்தது. கதையம்மா பக்கத்தில்தான் இருந்தாள். அந்தப் பக்கம் பேசியதும் கேட்டது.

"சார், எல்லாம் பிரமாதம். ஆனா எழுநூறாம் பக்கத்துக்கு அப்புறம் வாசிக்கிறவங்க மூச்சு விடறது கேட்குது. உங்க பதிவுல இப்படி வந்ததே இல்லையே. ஏதாவது கோளாறா?"

"கோளாறெல்லாம் இல்லை" என்றார் உஷ் சார். "அந்த அம்மா உயிரோட இருக்காங்க. அப்படியே வெளியிடுங்க."